கடைக்கயிற்றின் பதில்

1

இன்று காலை வெளிநாட்டினர் அலுவலகத்தின் வாசலில் நின்றிருந்த காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். பையைத் திறந்து காட்டச் சொன்னவர், காட்டியதும் பையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"போன வருஷம் பாடினவர்தானே நீங்கள்?" என்றார்.

"ஆமாம்" என்றேன். இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த ஊரில் என் நிறத்தில், என் மீசையோடு, சாக்ஸபோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறவன் நான் ஒருவன்தான்.

"இன்றைக்குப் பாட்டு உண்டா?"

"இல்லை."

"வேலை முடிந்ததும் போய்விடாதீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷத்திலிருந்து மனதிலேயே கிடக்கிறது" என்றார். அதற்குள் எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டதால் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

உள்ளே போய் எண் சீட்டு வாங்கி, அதே கூடத்தில், அதே பிளாஸ்டிக் நாற்காலியில் குந்தினேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன். ஜெர்மனியில், ரைன் ஆற்றங்கரையில் ஒரு நகரம்; பேர் எதற்கு? போன வருஷம் இந்தக் கூடத்தில் நான் செய்ததைப் பற்றி நம்ம ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். "தேசப்பன் மவன் ஏழுமல ஜெர்மனில சர்க்கார் ஆபீஸ்ல குடிச்சிட்டு கலாட்டா பண்ணிட்டானாம், போலீஸ் இட்டுகினு போச்சாம்" என்று பொன்னேரி மார்க்கெட்டில் பேச்சு. எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள்வரைக்கும் போய்விட்டது. அடப் போங்கப்பா. நான் குடிக்கவில்லை. பாடினேன். அதுவும் உங்களுக்கெல்லாம் தெரிந்த பாட்டைத்தான் பாடினேன்.

2

எங்கள் வீடு பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். என் நைனா தேசப்பன் இரண்டிலும் தொழில் செய்தார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கரைவலை. கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையைக் கரையில் நின்று ஊரே சேர்ந்து கயிறு பிடித்து இழுப்பது. அந்த இழுப்புக்குப் பாட்டு உண்டு. கயிற்றின் தலைமாட்டில், கடலைப் பார்த்து நிற்கிறவர் ஒரு வரி கூப்பிடுவார். பின்னால் இருக்கிற எல்லோரும் "ஏலேலம்" என்று பதில் கொடுத்துக்கொண்டே இழுப்பார்கள். கூப்பிடுகிற வரி அந்த நிமிஷத்தில் வாயில் வருவதுதான். யாருடைய மானம் கப்பல் ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

"அனுப்பம்பட்டு ரயிலு போச்சு" என்பார் நைனா.

"ஏலேலம்!"

"ஆறுமுகம் எழுந்திருக்கல."

"ஏலேலம்!"

கூட்டத்தில் நிற்கும் ஆறுமுகம் சித்தப்பாவே சிரித்துக்கொண்டு இழுப்பார்.

இதில் ஒரு ஏற்பாடு உண்டு. எல்லோரும் பதில் கொடுத்து அடங்கின பிறகு, கயிற்றின் கடைசியில், குதிகாலை மணலில் ஊன்றி நிற்கிற ஆள் தனியாக ஒரு தரம் "ஏலேலம்" சொல்ல வேண்டும். அதற்குக் கடைக்கயிறு பதில் என்று பெயர். தலைமாட்டில் நிற்கிறவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அந்தக் கடைசிக் குரல் வந்தால்தான் கயிறு கடைசிவரை இறுக்கமாக இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகும். அது வராமல் அடுத்த வரியைக் கூப்பிட மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. கூப்பிடுகிறவருக்கு வயதாகிவிட்டால் "இனிமே நீ கூப்புடு" என்று வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் குப்பத்தில் கிடையாது. ஒரு நாள் பேசாமல் நடந்து கடைக்கயிற்றுக்குப் போய் நின்று, பதில் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். முன்னால் நிற்கிறவன் புரிந்துகொண்டு கூப்பிட வேண்டும். தயங்கினால் கயிறு தளரும். அலை வலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நான் வலைக்குப் போகவில்லை. பழவேற்காட்டில் ஒரு மரைக்காயர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பேண்டு செட்டில் சாக்ஸபோனைப் பார்த்தேன். அதோடு என் கதை முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி அனுப்பம்பட்டில் ரயில் ஏறிப் பட்டணத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். முதல் தரம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நைனா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாடா இது, பொகை இழுக்கற வளைஞ்ச உக்கா மாதிரி கீது?" என்றார். ஊதிக் காட்டினேன். "ஷோக்காதான் கீது. ஆனா பதிலு யார் குடுக்கறது?" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அப்புறம் ஓட்டல் பேண்டு, கப்பல் பேண்டு என்று சுற்றி, ஜாஸ் என்னும் சங்கீதத்தில் போய் விழுந்து, இந்த ஊரில் கரை ஒதுங்கினேன். ஒருவன் மனதில் தோன்றியதை வாசிப்பான், மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள், கண்ணைக் காட்டியதும் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். ஊரில் யாராவது ஜாஸ் என்றால் என்னடா என்று கேட்டால், நம்ம கரைவலைதான், மீன் மட்டும் வராது என்று சொல்வேன்.

3

போன வருஷம் இந்த நகரத்தின் இலையுதிர்கால இசை விழாவுக்கு ஒரு நீண்ட உருப்படியை இயற்றித் தரச் சொன்னார்கள். உன் மண்ணிலிருந்து ஏதாவது கொண்டுவா என்றார்கள். மண்ணிலிருந்து! இத்தனை வருஷம் நான் வாசித்ததெல்லாம் ஆகாயத்திலிருந்து வந்ததா? சரி என்று இழுப்புப் பாட்டை எடுத்தேன்.

முதலில் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நைனாவின் மெட்டுக்கு அடியில் வழவழவென்று ஸ்வரங்களைப் பரப்பி வைத்தேன். பெரிய ஓட்டலில் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது கேட்கிற சங்கீதம் போல இருந்தது. அதில் நானும் இல்லை, நைனாவும் இல்லை. கத்ரினோடு வாழ்ந்த கல்யாணம் முறிந்துபோயிருந்த வருஷம் அது. மகள் ஆனந்தி அம்மாவோடு இருந்தாள். சனி ஞாயிறு மட்டும் என்னிடம் வருவாள். வாரத்தில் ஐந்து நாள் அந்தச் சின்ன வீட்டில் பைத்தியம் பிடித்தவன் மாதிரி நடந்துகொண்டிருப்பேன். அவ்வளவு வலியும் நெஞ்சில் இருக்கும்போது காகிதத்தில் மட்டும் எப்படி இவ்வளவு இனிப்பு வருகிறது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

என் குழுவில் தாளம் வாசிக்கிற யோனாஸ் நல்ல பையன். கடிகாரம் மாதிரி வாசிப்பான், அதுதான் பிரச்சினை. "ஏலேலம்" என்கிற பதிலைச் சரியாகத் தாளத்தின் மேலேயே போட்டான். அது அப்படி விழக்கூடாது. குதிகால் மணலில் புதைந்து, இடுப்பு பின்னால் சாய்ந்த பிறகுதான் வாய் திறக்கும். கொஞ்சம் பிந்தித்தான் வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு சனிக்கிழமை கடையில் தடிமனாக ஒரு கயிறு வாங்கிவந்து யோனாஸின் வேனில் கட்டினேன். பிரேக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டு, ஒத்திகைக் கொட்டகைக்கு வெளியே குழு முழுவதையும் கயிற்றைப் பிடிக்க வைத்தேன். தெருவில் போனவர்கள் வண்டி ரிப்பேர் என்று நினைத்து உதவிக்கு வந்தார்கள்.

ஆனந்தி சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. தமிழில் தெரிந்தது சோறு, வா, போ, ஐயோ. தாத்தாவோடு வீடியோவில் பேசும்போது இரண்டு பேரும் சிரிப்பார்கள், அத்தோடு சரி. "நீயும் வாடா கண்ணு" என்றேன். "வெட்கமாக இருக்கிறது, அப்பா" என்று ஜெர்மனில் சொன்னாள். வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவளாகவே வந்து கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் கூப்பிட்டேன். எல்லோரும் இழுத்தார்கள். யோனாஸின் பதில் முதல் தடவையாகப் பிந்தி வந்தது. "ஓ!" என்று கத்திவிட்டு அவன் கயிற்றை விட்டான். மற்றவர்கள் தடுமாறி விழுந்தார்கள்.

அன்றைக்கு உருப்படி எனக்குப் பிடிபட்டது. நான் சாக்ஸபோனில் கூப்பிட வேண்டும். குழு பதில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லோரும் நிறுத்தி, கொஞ்சம் இடம் விட வேண்டும். கடைக்கயிறு பதிலுக்கான இடம். அந்த இடத்தில் நைனாவின் குரலைத்தான் வைப்பது, வேறு எதை வைத்தாலும் பொய் என்று முடிவு செய்தேன். என் அழுகை, கோபம், ஐந்து நாள் நடை எல்லாவற்றையும் சாக்ஸபோனில் போட்டுக் கூப்பிடலாம். பின்னால் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

4

அடுத்த வாரம் என் தங்கை செல்வி போன் செய்தாள். அவள் குப்பத்திலேயே, நைனாவோடு இருக்கிறாள்.

"அண்ணா, நைனாக்குத் தொண்டைல கட்டியாம். கொரல் பொட்டியவே எடுத்துடணும்னு சொல்றாங்க."

"எடுத்தா?"

"எடுத்தா பேச்சு வராதாம்ண்ணா. எடுக்கலன்னா ஆளே..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் நைனாவின் பக்கத்தில் போய் நின்று அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இசை விழாவும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

ஆனால் என் கையில் இருந்தது ஒரு தற்காலிகச் சீட்டு. கல்யாணம் முறிந்ததால் பழைய அனுமதி செல்லாது. இசைக் கலைஞன் என்ற பேரில் புது அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். அது கார்டாகக் கைக்கு வரும்வரை நான் இங்கே இருக்கலாம். வெளியே போனால் திரும்பி வரும் உரிமை அந்தச் சீட்டுக்குக் கிடையாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த அலுவலகத்துக்கு வந்த அன்று பதற்றத்தில் இங்கிருந்த அதிகாரி அம்மாவை "நீ" என்று பேசிவிட்டேன். ஜெர்மனிலும் நீ வேறு, நீங்கள் வேறு. "நீ எனக்கு உதவி செய், என் அப்பா குரல் போகப் போகிறது" என்றேன். அந்த அம்மா முகம் மாறாமல், "நீங்கள் தாராளமாகப் போகலாம். திரும்புவதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அந்த "நீங்கள்" என்னை அடித்துத் தள்ளியது.

திரும்ப முடியாவிட்டால் ஆனந்தி போய்விடுவாள். சனி ஞாயிறு என்று இருப்பதும் போய், போனில் சிரிக்கிற அப்பாவாக ஆகிவிடுவேன். ஒரு பக்கம் பெற்றவன் குரல், ஒரு பக்கம் பெற்ற பிள்ளை. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. எத்தனை நாள் சுவரில் முட்டிக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு வழி இருந்தது. கார்டு வாங்கிக்கொள்ள நேரில் வரச் சொல்லி ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். அது ஆபரேஷனுக்குச் சில நாட்கள் முன்னால் வந்தது. கார்டு கைக்கு வந்த அன்றே விமானம் ஏறிவிடலாம் என்று டிக்கெட்டைப் பார்த்து வைத்தேன். அதற்குள் செல்வி மறுபடியும் கூப்பிட்டாள். கட்டி வேகமாக வளர்கிறதாம். காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் ஆபரேஷனை முன்னால் கொண்டுவந்துவிட்டாராம். எந்த நாள் என்று கேட்டேன். நான் கார்டு வாங்கப் போகிற அதே நாள்.

தலையில் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

5

போனிலாவது பாடச் சொல்லிப் பார்ப்போம் என்று நைனாவைக் கூப்பிட்டேன். குரல் ஏற்கெனவே தேய்ந்து, மணலில் படகைத் தள்ளுகிற மாதிரி கரகரவென்று இருந்தது.

"நைனா, இழுப்புப் பாட்டு கொஞ்சம் பாடேன். நான் பதிவு பண்ணிக்கறேன்."

"கயிறு எங்கடா?"

"கயிறு வேணாம் நைனா. சொம்மா பாடு."

"சொம்மா எப்டிடா பாடறது? கைல பாரம் இல்லாம வாய் தொறக்க மாட்டேங்குது."

"எனக்காக நைனா."

"உனக்காகத்தான் சொல்றேன். பாரம் இல்லாத பாட்டு உனுக்கு எதுக்கு? அது உன் உக்காவுக்கே போதாது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐயோ, வேனில் கயிறு கட்டி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததும் இதேதானே! சாகப்போகிற குரலை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறாரே என்று கோபமும் வந்தது.

செல்விதான் சமாதானம் செய்தாள். "நீ பேஜாராவாதண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நான் கரைக்கு இட்டுகினு போய், கயிற்ற கைல குடுத்து, ரெக்கார்டு பண்ணி அனுப்பறேன்."

சொன்னபடி செய்தாள். ஆனால் பதிவு எனக்கு வந்து சேரவில்லை. குப்பத்தில் டவர் கிடைப்பது தெரிந்த கதைதானே. "சுத்துது சுத்துது, போவ மாட்டேங்குதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் நைனாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் இங்கே கிடந்து அந்தச் சுற்றுகிற வட்டத்தை நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

6

அந்த நாள் காலை. இந்தக் கூடம். கையில் எண் சீட்டு. சுவரில் எண்கள் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தன. எண் வரும்போது எழுந்து போகாதவனை மறுபடி கூப்பிட மாட்டார்கள், இன்னொரு நாள் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். என் எண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள்.

அப்போது பதிவு வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் டவர் நன்றாகக் கிடைத்ததும் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

முதலில் காற்று. அப்புறம் செல்வியின் குரல்: "ஃபைபர் படகு மூக்குல கயித்த கட்டி வச்சிட்டேன் நைனா, நல்லா இழு." கயிறு இறுகுகிற சத்தம். நைனா ஒரு வரி கூப்பிடுவார், ஆறுமுகம் சித்தப்பாவைக் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன்.

ஒன்றுமில்லை. காற்று மட்டும்.

அப்புறம் பிந்தி, தனியாக, "ஏலேலம்."

மறுபடி வெகுநேரம் காற்று. மறுபடி, "ஏலேலம்."

அவ்வளவுதான். வரியே இல்லை. கூப்பிடுகிற வரி ஒன்றுகூட இல்லை. மனுஷனுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டதா? வலி மருந்தில் புத்தி குழம்பிவிட்டதா? அடக் கடவுளே, கடைசியாகக் கிடைத்ததும் இப்படிப் பாழாகப் போனதே என்று பல்லைக் கடித்தேன். மூன்றாவது தரம் அந்தப் பதில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது கூட்டத்தின் பதில் இல்லை. எல்லோரும் அடங்கின பிறகு வருகிற பதில். நைனா கடைக்கயிற்றுக்குப் போய் நின்றுவிட்டார். தலைமாட்டை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இடையில் இருந்த அந்தக் காற்றெல்லாம் நான் கூப்பிடுவதற்காக அவர் விட்ட இடம்.

பதிவின் கடைசியில், களைத்துப்போன குரலில், பாட்டில்லாமல் பேசினார்.

"டேய் ஏழுமல. கூப்புடுடா. கயிறு தளருது."

செல்விக்குப் போன் போட்டேன்.

"நைனா எங்க?"

"ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சிட்டாங்கண்ணா. இதோ உள்ள இட்டுகினு போவப் போறாங்க. நீ ஆபீஸ்ல இருப்பியே..."

"முழிச்சிகினு கீறாரா?"

"ஊசி ஒண்ணு போட்டுட்டாங்க. கண்ணு தொறந்துதான் கீது."

"ஸ்பீக்கர்ல போட்டு காதாண்ட வை. சீக்கிரம்!"

ரத்தம் கொடுப்பதற்காகக் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆறுமுகம் சித்தப்பாவும் அதில் இருந்தார். அவர்கள் அந்த நடைவழியில் சுவரோரமாக நின்றிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

என் போனையும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். கூடத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சுவரில் என் எண் சிவப்பாக வந்து நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன்.

"தேசப்பன் மவன் கூப்புடுறான்!"

கூடம் செத்துப்போன மாதிரி அடங்கியது. அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது. அடுத்த கணம் போனுக்குள்ளிருந்து இடி மாதிரி வந்தது.

"ஏலேலம்!"

நடைவழியில் நின்றிருந்த அத்தனை ஆண்களும் பதில் கொடுத்துவிட்டார்கள். இழுப்பு வரி காதில் விழுந்தால் எங்கள் ஆட்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரி, டாக்டர், நர்ஸ் எதுவும் அப்போது நினைவில் இருக்காது.

இப்போது கடைக்கயிறு பதில் வர வேண்டும். அவர் தனியாகச் சொல்ல வேண்டும். காதைப் போனோடு அழுத்தினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. இன்னொரு கை என் போனைப் பிடுங்கியது. காவலாளிகள் இரண்டு பேர். "பொறுங்கள், பதில் வர வேண்டும்! பதில் வர வேண்டும்!" என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியவில்லை, தமிழாகத்தான் இருக்கும். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தேன். சுவரில் அடுத்த எண் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் போனை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். இணைப்பு அறுந்திருந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், செல்வி எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து எடுத்து, "உள்ள போய்ட்டாருண்ணா" என்றாள்.

7

கார்டுக்கு மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி காத்திருந்தேன். கூடத்தில் கத்தியவன் என்று என் கோப்பில் எழுதி வைத்துவிட்டதால் காத்திருப்பு ஒரு வருஷமாக நீண்டது.

நைனா ஆபரேஷனில் பிழைத்தார். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் எழுதிக் காட்டவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வி போனைப் பிடித்துக்கொள்வாள். நைனா ஒரு துண்டைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொள்வார். நான் கூப்பிடுவேன். அவர் இழுப்பார். உதடு "ஏலேலம்" என்று அசையும். துளையிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். ஆனந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "தாத்தாவுக்கு வலிக்கிறதா?" என்று கேட்டாள். எனக்குத்தான் வலிக்கிறது என்று சொன்னேன்.

அந்த நடைவழியில் நைனா பதில் கொடுத்தாரா இல்லையா? எல்லோரையும் கேட்டுவிட்டேன். செல்வி, "நான் அழுதுகினு இருந்தேண்ணா, ஒண்ணும் காதுல விழல" என்றாள். ஆறுமுகம் சித்தப்பா, "குடுத்தாருடா, குடுக்காம இருப்பாரா" என்றார். அது எனக்காகச் சொன்னது என்று குரலிலேயே தெரிந்தது. இன்னொருவர், "ஊசில அசந்து கெடந்தாருப்பா" என்றார். நைனாவையே வீடியோவில் கேட்டேன். அவர் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, கூப்பிடு என்று முகத்தால் ஜாடை காட்டினார். அது ஆமா என்பதற்கா, இனிமேல் கொடுக்கிறேன் என்பதற்கா என்று எனக்குப் புரியவில்லை.

இசை விழாவில் உருப்படியை வாசித்தோம். நைனாவின் இடத்தைக் காலியாகவே விட்டேன். அவர் பதிவை அங்கே வைக்க மனம் வரவில்லை. கிடைக்காத பதிலுக்குப் பதிலாக இன்னொன்றை ஒட்டுவது போல இருந்தது. மறுநாள் பத்திரிகையில் துணிச்சலான மௌனம் என்று எழுதினார்கள். நாசமாய்ப் போக.

பொங்கல் முடிந்து, கரையில் காற்று திரும்புகிற சமயத்தில் நைனா போய்விட்டார். கார்டு வரவில்லை. நான் போகவில்லை. போனில் பார்த்தேன், கொள்ளி வைக்கிறதையும் போனில்தான் பார்த்தேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

இன்று என் எண் வந்தது. எழுந்து போனேன். கார்டைக் கொடுத்தார்கள். புது பிளாஸ்டிக் வாசனை. இனிமேல் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம் என்றார் அந்த அம்மா. நன்றி என்றேன், "நீங்கள்" போட்டுத்தான் சொன்னேன்.

வெளியே காவலாளி காத்திருந்தார். போஸ்னியாவிலிருந்து எப்போதோ வந்தவராம், தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அன்று உங்கள் போனைப் பிடுங்கினது நான்தான்" என்றார். "அணைப்பதற்கு எங்கே அமுக்குவது என்று தடவிக்கொண்டிருந்தேன். நான் பிடுங்குவதற்கு முன்னாலேயே உள்ளே நிறையப் பேர் கத்தி அடங்கியிருந்தார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரே ஒரு ஆள், தனியாக. வயசான குரல். தொண்டை கிழிகிற மாதிரி. அதே வார்த்தைதான். என் கை நின்றுவிட்டது. அப்புறம் அமுக்கிவிட்டேன். ஏதோ குடும்பச் சண்டை, கடைசி வார்த்தை அந்தக் கிழவருடையது என்று நினைத்துக்கொண்டேன். அவர் யார்? உங்கள் மேல் அவருக்கு என்ன கோபம்?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கோபம் இல்லை" என்றேன். "என் அப்பா. கயிற்றை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நீ அடுத்ததைக் கூப்பிடு என்று சொன்னார்."

அவருக்கு எவ்வளவு விளங்கியதோ. தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அன்று அடுத்ததை நீங்கள் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.